ஊரைக் கேட்காத ஏலம்

2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணையை வெளியிட்டது. அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள், உத்திசார் கனிமங்கள் ஆகியவற்றைத் தோண்டும் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் இனித் தேவையில்லை என்பது அதன் சாரம். சுரங்கத்தின் பரப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சுற்றுச்சூழல் அனுமதிக்கான பரிசீலனை டெல்லியில்தான் நடக்கும் என்றும் அது சொன்னது. பாதுகாப்பு அமைச்சகமும் அணுசக்தித் துறையும் கேட்டுக்கொண்டன. சுற்றுச்சூழல் அமைச்சகம் இசைந்தது. நாடாளுமன்றத்தில் விவாதம் இல்லை, சட்டத்திருத்தம் இல்லை. ஒரு குறிப்பாணையோடு காரியம் முடிந்துவிட்டது.

தங்கள் ஊர்களின் அடியில் உள்ள டங்ஸ்டனை ஒன்றிய அரசு ஏலம் விட்டதை எதிர்த்து மேலூர் வட்டார மக்கள் மதுரை நகருக்குள் வந்து அப்போது எட்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. 2025 ஜனவரி 7 அன்று மேலூரில் கடைகள் அடைத்துக் கிடந்தன. முல்லைப் பெரியாறு ஒருபோக பாசன விவசாயிகள் முன்னின்று நடத்திய பேரணி நரசிங்கம்பட்டியில் கிளம்பி, ஒத்தக்கடை, மாட்டுத்தாவணி தாண்டி, நடந்தும் வண்டிகளிலுமாகத் தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. கலெக்டர் அலுவலகமும் மாவட்ட நீதிமன்றமும் பக்கத்திலேயே இருப்பதால், மனுவோடும் கொடியோடும் வருகிறவர்களைக் கே.கே. நகர்வாசிகள் தினமும் பார்க்கிறோம். ஆனால் ஒரு வட்டாரமே வயலை விட்டுக் கிளம்பி வந்ததை இந்தப் பகுதி அதற்கு முன் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. கட்சிக் கொடிகளைவிடப் பச்சைத் துண்டுகள்தான் அதிகம். பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள்மீது காவல் துறை வழக்குப் பதிந்தது. பிறகு மாநில அரசு அவற்றைத் திரும்பப் பெற்றது.

பேரணி முடிந்து பதினாறாவது நாள், ஜனவரி 23 அன்று, ஒன்றிய சுரங்கத் துறை ஏலத்தை ரத்து செய்தது. அதற்கு முந்தைய நாள்தான் மேலூர்ப் பகுதி ஊர்த் தலைவர்களான அம்பலக்காரர்களை மாநில பாஜகவினர் டெல்லிக்கு அழைத்துச் சென்று அமைச்சர் கிஷன் ரெட்டியைச் சந்திக்க வைத்திருந்தார்கள். முதல்வர் மு.க. ஸ்டாலின் ஜனவரி 26 அன்று, ஏலத் தொகுதிக்குள் இருந்த அரிட்டாபட்டிக்கே சென்று மக்களின் பாராட்டை ஏற்றுக்கொண்டார். வெற்றியைப் பங்குபோட எல்லாக் கட்சிகளும் வந்தன. அதில் எனக்குக் குறையில்லை. மக்களின் குரல் கட்சிகளை இழுத்து வந்தது என்றால் ஜனநாயகம் வேலை செய்கிறது என்று பொருள். என் கவலை வேறு. ஓர் ஊருக்காகப் பின்வாங்கிய அதே அரசு, அடுத்த ஊர் பேசுவதற்கு இருந்த இடத்தையே அந்த ஆண்டு முடிவதற்குள் எடுத்துவிட்டது.

இது எப்படி நடந்தது என்று புரிய, மேலூரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போக வேண்டும்.

டங்ஸ்டன் நமக்கு அந்நியமான பொருள் இல்லை. கே.கே. நகரில் புது வீடு கட்டும் மனையில் போர்வெல் வண்டி நிற்கும்போது அதன் பிட்டைக் கிட்டப்போய்ப் பாருங்கள். எஃகு முகத்தில் பொத்தான் பொத்தானாகச் சில குமிழ்கள் பதிந்திருக்கும். அவை டங்ஸ்டன் கார்பைடு. எஃகு அவற்றைத் தாங்கிப் பிடிக்க, கருங்கல்லை உடைப்பது அந்தக் குமிழ்கள்தான். லேத் பட்டறைகளில் இரும்பைக் கடையும் ‘டிப்’பும் அதே கார்பைடு. உலோகங்களிலேயே மிக அதிக உருகுநிலை கொண்டது டங்ஸ்டன்: 3,400 டிகிரி செல்சியஸுக்கும் மேல். கவசத்தைத் துளைக்கும் குண்டு முதல் வெட்டுக் கருவிகள்வரை அதற்கு மாற்றுத் தேடுவது கடினம்.

அதனால் இந்த உலோகத்தில் எப்போதும் அரசியல் கலந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நடுநிலை வகித்த போர்ச்சுகல், தன் டங்ஸ்டன் தாதுவை இரண்டு தரப்புக்கும் விற்றது. நேச நாடுகள் நெருக்கிய பிறகுதான், 1944 ஜூனில், சலாசார் ஏற்றுமதியை நிறுத்தினார். இன்று உலகில் தோண்டப்படும் டங்ஸ்டனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சீனாவிலிருந்து வருகிறது. சீனா மலிவாக விற்ற காலத்தில் மற்ற நாடுகளின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. தென்கொரியாவின் சாங்டாங் 1990களில் மூடியது. நம் ராஜஸ்தானின் டெகானா சுரங்கமும் அதே காலத்தில்தான் மூடியது. முதல் உலகப் போர்க் காலத்திலேயே தாது எடுத்த இடம் அது. விலை குறைவு என்று வாங்கிப் பழகினோம். தோண்டவும் பிரிக்கவும் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள்.

பிறகு சீனா கதவை ஒவ்வொன்றாகச் சாத்தத் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் காலியம், ஜெர்மானியம். அந்த டிசம்பரில் கிராஃபைட். 2024 செப்டம்பரில் ஆன்டிமனி. 2025 பிப்ரவரியில் டங்ஸ்டன். ஏப்ரலில் ஏழு வகை அருமண் தனிமங்கள். தன் பாதுகாப்புத் தளவாடங்களில் சீன டங்ஸ்டன் 2027 முதல் கூடாது என்று அமெரிக்கா முன்பே விதி செய்துவைத்திருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் இந்தியா கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. அரிட்டாபட்டிக்காகக் குரல் கொடுத்தவர்களில் சிலர், இந்தக் கனிமத் தேவையே கம்பெனிகள் கட்டிய கதை என்று பேசினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தேவை உண்மையானது, நெருக்கடியும் உண்மையானது.

அந்த நெருக்கடிக்கு டெல்லி தந்த முதல் பதில் 2023-ஆம் ஆண்டின் கனிமச் சட்டத்திருத்தம். 24 கனிமங்களைத் தனிப்பட்டியலில் சேர்த்து, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசு தனக்கே எடுத்துக்கொண்டது. வருவாய் மாநிலத்துக்கு, முடிவு டெல்லிக்கு என்பது ஏற்பாடு. மணிப்பூர் குறித்த அமளிக்கு நடுவே மக்களவையில் அது நிறைவேறிய விதம் வருந்தத்தக்கது. எதிர்க்கட்சிகள் முழக்கமிட்டுக்கொண்டிருந்தன, ஒரு வட்டாரத்தின் நிலத்தடியையே கைமாற்றும் சட்டம் சொற்ப விவாதத்தோடு கடந்து போனது. மாநிலங்களவையில் அதை அதிமுக ஆதரித்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 9 அன்று டங்ஸ்டன் ஏலத்துக்கு எதிராகச் சட்டப்பேரவை நிறைவேற்றிய தீர்மானத்தையும் அதே கட்சி ஆதரித்தது. மாநில அரசின் பங்கையும் சொல்லியாக வேண்டும். இந்த அதிகாரம் ஒன்றியத்துக்குப் போகக் கூடாது என்று 2023 அக்டோபரிலேயே அமைச்சர் துரைமுருகன் கடிதம் எழுதினார் என்பது உண்மை. ஆனால் ஏல நடைமுறை தொடங்கிய 2024 பிப்ரவரியிலிருந்து முடிவு வெளியான நவம்பர் 7 வரை, குறிப்பிட்ட இந்தத் தொகுதி வேண்டாம் என்று மாநிலம் சொல்லவில்லை என்றும், பல்லுயிர் மரபுத் தலம் உள்ளே வருகிறது என்பதைத் தகவலாக மட்டும் தந்தது என்றும் ஒன்றிய சுரங்கத் துறை விளக்கம் கொடுத்தது. கொள்கையை எதிர்த்துக் கடிதம் எழுதுவதும், குறிப்பிட்ட வயலைக் காப்பாற்ற உரிய நேரத்தில் உரிய கோப்பில் எதிர்ப்பைப் பதிவதும் வெவ்வேறு வேலைகள். இரண்டாவது வேலையைச் சென்னை இன்னும் அழுத்தமாகச் செய்திருக்க வேண்டும்.

அந்தத் தொகுதிக்கு டெல்லி வைத்த பெயர் ‘நாயக்கர்பட்டி’. பரப்பு 2,015 ஹெக்டேர், ஏறத்தாழ 5,000 ஏக்கர். ஏலத்தில் முன்னிலை பெற்றது ஹிந்துஸ்தான் சிங்க் நிறுவனம். வரைபடத்தில் கோடு போட்டவர்களுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. ஏனென்றால் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் என்று அரசே எண்ணி எழுதிய இடம் அது. லகர், ஷாஹீன் வல்லூறுகளும் தேவாங்கும் அழுங்கும் வாழும் பாறைக்காடு. கழிஞ்சமலையில் தமிழி கல்வெட்டும் சமணர் படுகையும் இருக்கின்றன. குடைவரைச் சிவன் கோயிலில் உள்ள லகுலீசர் சிற்பம் தமிழ்நாட்டில் அரிதாகவே காணக்கூடியது.

ஆனால் மேலூர்க்காரர்களைத் தெருவுக்கு இழுத்தது கல்வெட்டு மட்டும்தான் என்று நினைத்தால் பாதிதான் புரிந்திருக்கிறது. பெரியாறு கால்வாயில் கள்ளந்திரிவரை இருபோகம்; அதற்குக் கீழே மேலூர் பக்கம் ஒருபோகம். அணையில் தண்ணீர் போதாத ஆண்டில் அந்த ஒரு போகமும் சந்தேகம். கடைமடை விவசாயிக்குத் தன் குன்றிலிருந்து வழிந்து கண்மாயில் சேரும் மழைநீர்தான் கையிருப்பு. குன்றைத் தொட்டால் கண்மாய் போகும், கண்மாய் போனால் கிணறு போகும். இதை அவருக்கு எந்த நிபுணரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுரங்கம் என்றால் என்னவென்றும் அந்த வட்டாரத்துக்குத் தெரியும். கிரானைட் வந்த கதை அது. 2012-இல் மதுரைக் கலெக்டராக இருந்த உ. சகாயம், குவாரி முறைகேடுகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று எழுதினார். 2014-இல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது. 2015 நவம்பரில் அவர் தந்த அறிக்கை அந்த இழப்பை ஒரு லட்சம் கோடிக்கு மேல் என்றது. தொலைந்த கண்மாய்களும் மறைந்த ஓடைகளும் அந்த விசாரணையில் வந்தன. அனுமதி கொடுத்தது அரசு, கண்காணிக்க வேண்டியது அரசு, காணாமல் விட்டதும் அரசு என்று பார்த்து வளர்ந்த தலைமுறையிடம் போய், ‘இது கூட்டு உரிமம்தான், முதலில் ஆய்வு மட்டுமே நடக்கும், சுரங்கம் பிறகுதான்’ என்று விளக்கினால் அது எடுபடாது. 2024 டிசம்பர் 24 அன்று, மரபுத் தலத்தை மட்டும் விலக்கித் தொகுதியை மறுவரையறை செய்யலாமா என்று புவியியல் ஆய்வுத் துறையைக் கேட்டிருப்பதாகச் சுரங்க அமைச்சகம் அறிவித்தது. மேலூர் அதை ஏற்கவில்லை. 193 ஹெக்டேரைக் கழித்தால் மிச்சம் 1,800 ஹெக்டேருக்கு மேல். அங்கேதான் வயலும் வீடும் இருந்தன.

2024 நவம்பர் 23 அன்று கூடிய கிராம சபைகளில் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். இந்தத் தேதியைக் கவனியுங்கள். ஏலம் முடிந்த பிறகுதான் கிராம சபை பேச முடிந்தது. அதற்கு முந்தைய ஒன்பது மாதங்களில், ‘உங்கள் ஊரின் அடியில் இன்ன கனிமம் இருக்கிறது என்று எண்ணுகிறோம், ஏலம் விடலாமென்று இருக்கிறோம், என்ன சொல்கிறீர்கள்’ என்று எந்த அதிகாரியும் எந்த மந்தையிலும் உட்கார்ந்து கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று சட்டமும் சொல்லவில்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டம் வெகு பின்னால் வருவது. ஏலம் எடுத்தவர் பணம் போட்டு, வரைபடம் போட்டு, அனுமதி கேட்டு வரும் கட்டத்தில்தான் ஊருக்கு முறை வரும். அதுவே தாமதம். அந்தத் தாமதமான முறையையும்தான் செப்டம்பர் 8 குறிப்பாணை இல்லாமல் ஆக்கியது.

இது தமிழ்நாட்டில் முதல்முறையும் இல்லை. நெடுவாசலில் 2017-இல் ஹைட்ரோகார்பன் திட்டம் அறிவிப்பாக வந்தது, ஊர் கூடிப் போராடியது. 2023-இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு ஆகிய நிலக்கரித் தொகுதிகள் காவிரிப் படுகையில் ஏலப் பட்டியலுக்கு வந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் ஏப்ரல் 8 அன்று அமைச்சர் பிரகலாத் ஜோஷி அவற்றை விலக்கினார். அறிவிப்பு, கொந்தளிப்பு, விலக்கு. திரும்பத் திரும்ப இதே வரிசை. ஒவ்வொரு முறையும் விலக்கு கிடைத்தது அந்த இடத்துக்கு மட்டும்தான். விதி அப்படியே நின்றது. ஊர் ஒற்றுமையும், அம்பலம் போன்ற பழைய அமைப்பும், நாலுவழிச்சாலையும், பக்கத்தில் ஒரு மாநகரமும் இருந்த மேலூர் தப்பித்தது. இவை எதுவும் இல்லாத மலையோரப் பழங்குடிக் கிராமத்துக்கு இதே நிலை வந்தால் அது யாரிடம் போகும்?

கருத்துக்கேட்பு நாட்டுப் பாதுகாப்பைத் தாமதப்படுத்துகிறது என்பதுதான் விதிவிலக்கு கேட்டவர்களின் வாதம். நாயக்கர்பட்டி ஏலத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 பிப்ரவரியில் தொடங்கி 2025 ஜனவரியில் ரத்தானது. ஏறத்தாழ ஓராண்டு, ஏலச் செலவு, நிறுவனத்தின் முயற்சி, அமைச்சகத்தின் உழைப்பு எல்லாம் வீண். பிப்ரவரிக்கு முன்பே அந்தக் கிராம சபைகளிடம் கேட்டிருந்தால் பதில் ஒரே வாரத்தில் கிடைத்திருக்கும். டங்ஸ்டன் அவசரம் என்றால் அந்த ஓராண்டை வேறொரு தொகுதியில் செலவழித்திருக்கலாம். கேட்காமல் விட்டதால்தான் இங்கே காலம் போனது.

தோண்டுவதே தீர்வு என்ற நம்பிக்கையையும் 2025-ஆம் ஆண்டு அசைத்துவிட்டது. ஏப்ரலில் சீனா அருமண் தனிமங்களுக்குக் கட்டுப்பாடு விதித்ததும் இந்திய வாகனத் தொழிற்சாலைகள் காந்தம் கிடைக்காமல் திண்டாடின. இந்தியாவிடம் மண் இல்லாமலா? 69 லட்சம் டன் இருப்போடு உலகில் முன்வரிசையில் இருக்கிறோம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் பொதுத் துறை நிறுவனமான ஐஆர்இஎல் பல பத்தாண்டுகளாகக் கடற்கரை மணலைச் சலித்துக்கொண்டிருக்கிறது. இருந்தும் காந்தம் சீனாவிலிருந்து வந்தது. உலகின் அருமண் சுத்திகரிப்பில் பத்தில் ஒன்பது பங்கு அவர்கள் கையில் இருப்பதே காரணம். மண்ணுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. எடுத்ததைப் பிரித்து உலோகமாக்கும் ஆலையும் அதைச் செய்யத் தெரிந்த கைகளும்தான் போதவில்லை. 2025 நவம்பரில் அருமண் காந்த உற்பத்திக்கு 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கும், அதற்கு முன் செப்டம்பரில் முக்கியக் கனிம மறுசுழற்சிக்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைக்கும் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இவை சரியான திசையில் எடுத்த அடிகள், மனமார வரவேற்கிறேன். இவற்றில் ஒன்றுக்காகக்கூட எந்த ஊரின் வாயையும் அடைக்க வேண்டியிருக்கவில்லை.

டங்ஸ்டனுக்கு இது இன்னும் பொருந்தும். தேய்ந்துபோன கார்பைடு டிப்பும் பிட்டும் குப்பைக்குப் போகும் பொருட்கள் அல்ல. பழைய கார்பைடை எடைபோட்டு வாங்கும் வியாபாரம் நம் பட்டறைகளைச் சுற்றி ஏற்கெனவே இருக்கிறது. உலகத் தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படி மீட்கப்பட்டதிலிருந்து கிடைக்கிறது. கோவையிலும் ஓசூரிலும் திருச்செங்கோட்டு ரிக் பட்டறைகளிலும் சேரும் பழைய கார்பைடை நாட்டுக்குள்ளேயே தூளாக்கி மறுபடி கருவியாக்க ஓர் ஆலை வந்தால், அதுவும் ஒரு டங்ஸ்டன் சுரங்கம்தான். டெகானா போல ஏற்கெனவே தோண்டிய இடங்களையும் அவற்றின் கழிவு மேடுகளையும் முதலில் பார்க்கலாம்.

அப்போதும் சில இடங்களில் புதிதாகத் தோண்டத்தான் வேண்டியிருக்கும். அதை மறுப்பதற்கில்லை. அதற்கு இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். தொகுதியை ஏலப் பட்டியலில் சேர்க்கும் முன் சம்பந்தப்பட்ட கிராம சபைகளின் கருத்தைப் பெற வேண்டும். வேண்டாம் என்று ஊர் சொன்னால், அதையும் மீறி ஏலம் விடுவதற்கான காரணத்தை அரசு எழுத்தில் தர வேண்டும், அந்தக் காரணம் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். தொகுதிகளைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலேயே மாநிலத்துக்கு இடம் வேண்டும், பாசனமும் மரபும் வனமும் எங்கே இருக்கின்றன என்று மாநிலம் அப்போதே வரைபடத்தில் காட்ட வேண்டும். இதற்கு டெல்லி சம்மதிக்கும்வரை சென்னை காத்திருக்கத் தேவையில்லை. காவிரிப் படுகைக்கு 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இயற்றியது தமிழ்நாடு. பெரியாறு பாசனப் பகுதிக்கும் அத்தகைய பாதுகாப்பு வேண்டும் என்று மேலூர் விவசாயிகள் கேட்டார்கள். பாராட்டு விழாவுக்கு வந்த வேகத்தோடு அந்தச் சட்டமும் வந்திருக்க வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்க ஐஆர்இஎல் அனுமதி கேட்கிறது. கீழ்மிடாலம், இனயம்புத்தன்துறை, கொல்லங்கோடு என்று நெருக்கமாகக் குடியிருப்புகள் உள்ள கடலோரம் அது. 2024 அக்டோபர் 1 அன்று நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் மக்களின் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. செப்டம்பர் 8 குறிப்பாணை அப்படியே நின்றால் அந்தக் கூட்டத்தை நடத்த வேண்டிய கட்டாயமே இல்லை. குறிப்பாணையைத் திரும்பப் பெறும்படி முதல்வர் ஸ்டாலின் 2025-இல் பிரதமருக்கு எழுதினார். தமிழகத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எல்லோரும், அரிட்டாபட்டிக்காக நின்ற கட்சிகள் எல்லாம், பாஜக உள்பட, அதே கோரிக்கையோடு சுற்றுச்சூழல் அமைச்சரிடம் போக வேண்டும். கிள்ளியூர்க் கூட்டத்துக்கு மறுபடி தேதி குறிக்க வேண்டும். சுற்றுச்சூழல் அறிக்கை முழுவதையும் தமிழில் அச்சிட்டு, கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் வைக்க வேண்டும்.